ஊர் காலியான பிறகு வரும் பயணி

1960களில் போர்ச்சுகலின் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து பிரான்சுக்குக் கள்ளத்தனமாகக் கிளம்பியவர்கள் பலரிடம் பாதிப் புகைப்படம் ஒன்று இருக்கும். தன் படத்தை நடுவாகக் கிழித்து, ஒரு பாதியை வீட்டில் கொடுத்துவிட்டு மறு பாதியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போவார்கள். எல்லை தாண்டி, ஸ்பெயினைக் கடந்து, பிரெனீஸ் மலை ஏறி இறங்கிப் பிரான்சில் கால் வைத்ததும் அந்தப் பாதியைத் தபாலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டு பாதியும் பொருந்தினால்தான் கூட்டிக்கொண்டு போன தரகருக்கு வீட்டார் மிச்சப் பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள். இந்தப் பயணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தாவல்’. சலாசாரின் சர்வாதிகாரம், 1961இல் ஆப்பிரிக்கக் காலனிகளில் மூண்ட போர், அதற்குக் கட்டாய ஆள்சேர்ப்பு, என்ன உழுதாலும் வயிறு நிறையாத நிலம் எல்லாம் சேர்ந்து லட்சக்கணக்கானவர்களைத் தாவ வைத்தன.

சுற்றுலா பற்றிய கட்டுரைக்கு இது ஒட்டாத தொடக்கமாகத் தோன்றலாம். ஆனால் போர்ச்சுகலில் ‘அதிகம் பேர் போகாத அழகான ஊர்’ என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அந்தக் கிழிந்த படங்கள் கிளம்பிய ஊர்களைத்தான் சொல்கிறார்கள். தெருவில் ஒரு ஆள் இல்லாத கல் வீடுகள், ஆடு மேய்க்க ஆளில்லாத மலைச்சரிவு, விளக்கு வெளிச்சம் இல்லாததால் பளிச்சென்று தெரியும் பால்வீதி. அமைதி என்று நாம் ரசிப்பது ஒரு தலைமுறை எழுந்து போனதில் மிஞ்சியது. அதனால் ரசிக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. அங்கே எப்போது போவது என்ற கேள்விக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. இந்த ஊர்களுக்கு வரைபடத்தைவிட நாட்காட்டிதான் முக்கியம்.

நாட்டின் பரப்பு சுமார் 92,000 சதுர கிலோமீட்டர். மக்கள் ஒரு கோடியைச் சற்றே தாண்டுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் அட்லாண்டிக் கரையை ஒட்டிய பட்டையில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். பயணிகளும் அதே பட்டையில்தான். லிஸ்பனில் 28ஆம் எண் டிராமில் ஏற வரிசை, சிந்த்ராவின் பேனா அரண்மனைக்குள் நுழைய நேரம் குறித்த டிக்கெட், போர்ட்டோவில் ஆற்றங்கரை, தெற்கே அல்கார்வ் கடற்கரை. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் எழுத்தாளர் ஜோசே சரமாகு தன் நாட்டைச் சுற்றிவந்து 1981இல் வெளியிட்ட பயண நூலை லிஸ்பனிலிருந்து தொடங்கவில்லை. ஸ்பெயின் எல்லை வழியாக, யாரும் தொடங்காத வடகிழக்கு மூலையிலிருந்து உள்ளே வருகிறார். நோபல் பரிசு பின்னால் 1998இல்தான் வந்தது. இந்த நாட்டை எந்த வாசல் வழியாகப் பார்ப்பது என்பதை அவர் அதற்கு முன்பே தீர்மானித்திருந்தார்.

வடக்கே போக நான் பரிந்துரைப்பது ரயில். போர்ட்டோவிலிருந்து டோரு ஆற்றை ஒட்டிப் போகும் பாதை, மூன்றரை மணி நேரம் போலப் போய்ப் போசின்யு என்ற சிறு நிலையத்தில் முடிகிறது. முன்பு அது ஸ்பெயின் எல்லைவரை போயிற்று. கடைசித் துண்டை 1988இல் மூடிவிட்டார்கள். வழியில் இரு கரையிலும் சிலேட்டுக் கல்லை உடைத்து அடுக்கிய படிக்கட்டுத் தோட்டங்கள், அவற்றில் திராட்சை. போர்ட் ஒயின் விளையும் இந்தப் பகுதிக்கு 1756இலேயே எல்லை வகுத்தார்கள். பின்யாவு நிலையத்தில் ரயில் நிற்கும்போது இறங்கிச் சுவரைப் பார்க்க வேண்டும். அறுவடையையும் ஆற்றையும் காட்டும் நீல ஓட்டுச் சித்திரங்கள் 24 இருக்கின்றன, 1937இல் பதித்தவை. ஒயின் சுற்றுலாக் கூட்டம் பெரும்பாலும் இங்கேயே இறங்கிவிடும். ரயில் அதற்கு மேலும் போகிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

போசின்யுவுக்குப் பக்கத்தில் கோஆ ஆறு டோருவில் கலக்கிறது. நம்மூர்க்காரர்கள் விடுமுறைக்குப் போகும் கோவாவோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் இந்த ஆற்றில் பெரிய நீர்மின் அணை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. 1994 நவம்பரில் வெளியே செய்தி கசிந்தது: அணை நீரில் மூழ்கப்போகும் பாறைகளில் கற்கால மனிதர்கள் கீறிய விலங்குகள் இருக்கின்றன. பழையவற்றின் வயது 20,000 ஆண்டுகளுக்கும் மேல். அதுவரை இப்படிப்பட்ட ஓவியங்களை ஐரோப்பாவில் பெரும்பாலும் குகைக்குள்தான் தேடுவார்கள். இவையோ வெட்டவெளியில், வெயிலிலும் மழையிலும் நின்றவை. உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் உட்பட நாடே இரண்டு பட்டது. சித்திரங்களுக்கு நீந்தத் தெரியாது என்பதுதான் அணை எதிர்ப்பாளர்களின் முழக்கம். 1995 அக்டோபர் தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய பிரதமர் அந்தோனியு குத்தேரஸ், பின்னாளில் ஐ.நா. பொதுச்செயலாளரானவர், அணை வேலையை நிறுத்தினார். 1996இல் தொல்லியல் பூங்கா, 1998இல் யுனெஸ்கோ பட்டியல். வேலை தொடங்கிய அணையைப் பாறைக் கீறலுக்காகக் கைவிட்ட நாடுகள் எத்தனை இருக்கும்?

பார்க்கப் போகிறவர்களைச் சிறு குழுவாக ஜீப்பில் ஏற்றிக் கூட்டிப்போகிறார்கள். முன்பதிவு அவசியம். முதலில் ஏமாற்றம்தான். வழிகாட்டி ஒரு பாறையைக் காட்டுவார், நமக்குக் கோடும் விரிசலும் தவிர ஒன்றும் தெரியாது. அவர் விரலை உயர்த்தி, பாறையைத் தொடாமல் காற்றிலேயே ஒரு வளைவைத் தொடர்வார். முதுகு, வயிறு, கழுத்து என்று குதிரை எழுந்து வரும். கூர்ந்து பார்த்தால் ஓர் உடலுக்கு இரண்டு மூன்று தலைகள். வரைந்தவன் தடுமாறிவிட்டான் என்று நினைத்துவிடக் கூடாது. குதிரை தலையைத் திருப்புகிறது, அந்த அசைவைத்தான் அடுத்தடுத்த தலைகளாகக் கீறியிருக்கிறான். மேலே காட்டுமாடு, அதன் மேல் மலையாடு என்று ஒரே பாறையில் தலைமுறை தலைமுறையாகக் கீறிக்கொண்டே போயிருக்கிறார்கள். பக்கத்துப் பாறை காலியாகத்தான் இருக்கிறது. ஏன் அதை விட்டார்கள் என்பதை யோசித்துக்கொண்டே வரலாம். பெனஷ்கோசா என்ற இடத்துக்கு இரவிலும் போகலாம். விளக்கைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், பகல் வெயிலில் மறைந்துகிடந்த கோடுகள் நிழல் விழுந்து துலங்கும். பகல், இரவு இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இரவைத் தேர்ந்தெடுங்கள். மலை உச்சியில் 2010இல் திறந்த அருங்காட்சியகம் நல்ல கட்டடம். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியலைப் படித்துவிட்டு எழுந்து வருவதுபோல. அணைக்குப் பதிலாகச் சுற்றுலா வந்து ஊர் செழிக்கும் என்று அன்று சொன்னார்கள். ஊர்க்காரர்கள் எதிர்பார்த்த அளவுக்கு அது பலிக்கவில்லை.

இன்னும் வடகிழக்கே போனால் வரும் மாகாணத்தின் பெயருக்கே ‘மலைகளுக்கு அப்பால்’ என்றுதான் பொருள். அங்கே பொதென்ஸ் என்ற கிராமம் ஆண்டில் பெரும்பாலான நாள் பார்க்க ஒன்றுமில்லாத ஊர். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறும் செவ்வாயும் போய்ப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கம்பளி நூல் குஞ்சங்கள் தொங்கும் உடை, மூக்கு நீண்ட தகர அல்லது தோல் முகமூடி, இடுப்பைச் சுற்றி மாட்டு மணிகள். இந்தக் கோலத்தில் ‘கரேட்டு’க்கள் தெருவில் பாய்ந்து வருவார்கள். பெண்களைத் துரத்திப் பிடித்து இடுப்பை ஆட்டி மணியால் இடிப்பது வழக்கம். குளிர்காலம் போய் விளைச்சல் வரட்டும் என்ற பழைய சடங்கின் மிச்சம் என்கிறார்கள். விரும்பாத பெண்ணை இடித்தால் மரபானாலும் அத்துமீறல்தான் என்பது என் கருத்து. இளைஞர்கள் போருக்கும் பிரான்சுக்கும் போனதில் 1960, 70களில் இந்த ஆட்டம் கிட்டத்தட்ட நின்றே போனது. முகமூடி மாட்ட ஊரில் ஆண்பிள்ளை இல்லை. பிறகு மீட்டெடுத்தார்கள். 2019இல் யுனெஸ்கோ அங்கீகாரமும் வந்தது. இப்போது அந்த இரண்டு நாளும் படக் கருவிகளின் கூட்டம் கரேட்டுக்களை மிஞ்சும்.

மிராண்டா நகரம் டோருவின் செங்குத்துப் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது, எதிர்க்கரை ஸ்பெயின். இங்கே ‘பவுலித்தெய்ரு’ என்றொரு ஆட்டம். வெள்ளைப் பாவாடை கட்டிய ஆண்கள் ஆளுக்கு இரண்டு குச்சியோடு வட்டமும் வரிசையுமாக மாறி மாறித் தட்டி ஆடுவார்கள். கோலாட்டம் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு அதை விளக்கவே வேண்டாம். நாட்டில் போர்ச்சுகீசியத்துக்கு அடுத்தபடியாகச் சட்டத்தால் ஏற்கப்பட்ட மிராண்டீஸ் மொழி இந்த மூலையின் மொழி. சட்டம் வந்தது 1999இல். பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான். பேராலயத்தில் குழந்தை இயேசுவுக்கு உயரமான கறுப்புத் தொப்பி வைத்து, விதவிதமாகச் சட்டையும் மாற்றுகிறார்கள். பக்தர்கள் தைத்துக் கொடுத்த உடைகள். அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

நடுப்பகுதியான பெய்ராவில், காலியாகும் ஊர்களை என்ன செய்வது என்ற கேள்வியை அரசே கையில் எடுத்தது. 1991இல் ‘வரலாற்றுக் கிராமங்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கிக் கோட்டைச் சுவர்களைச் சீராக்கி, கூரைகளை மாற்றி, மின்கம்பிகளைக் கண்ணுக்கு மறைத்தார்கள். இன்று அந்தப் பட்டியலில் 12 ஊர்கள். எல்லாவற்றையும் இணைக்கும் நடைபாதை சுமார் 600 கிலோமீட்டர். 12ஐயும் பார்க்க வேண்டாம், நாலாவது ஊருக்குள் கோட்டைகள் ஒன்றுபோலவே தெரிய ஆரம்பித்துவிடும். பெல்மோன்ட்டும் மொன்சாந்துவும் போதும்.

பெல்மோன்ட் யூதர்களின் ஊர். 1497இல் நாட்டு யூதர்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவத்துக்கு மாற்றினார்கள். இவ்வூரார் வெளியே கோயிலுக்குப் போய்க்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை விளக்கைப் பானைக்குள் மறைத்து ஏற்றிக்கொண்டு, நானூறு ஆண்டுகளுக்கு மேல் ரகசியமாக யூதர்களாகவே இருந்தார்கள். போலந்திலிருந்து வந்த சுரங்கப் பொறியாளர் சாமுவேல் ஷ்வார்ட்ஸ் 1917இல் அவர்களைச் சந்திக்கும்வரை வெளியுலகுக்கு இது தெரியாது. வெளிப்படையான தொழுகைக் கூடம் எழ 1996 ஆனது. பிரேசிலுக்குக் கப்பல் ஓட்டி, அதே பயணத்தில் கோழிக்கோட்டுக்கும் கொச்சிக்கும் வந்துபோன பெத்ரு கப்ராலும் இவ்வூர்க்காரர்தான்.

மொன்சாந்து கதை வேறு. யானைக் கூட்டம் படுத்துக் கிடப்பதுபோல மலை முழுக்க உருண்டைக் கருங்கற்கள். வீடுகளை அவற்றின் இடுக்கில் செருகிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு மொத்தக் கூரையும் ஒரே பாறை. ‘ஒற்றை ஓட்டு வீடு’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1938இல் சலாசார் அரசின் பிரச்சாரத் துறை ‘போர்ச்சுகலின் மிகப் போர்ச்சுகீசியமான கிராமம்’ எது என்று போட்டி வைத்து வெள்ளிச் சேவல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. வென்றது இவ்வூர். இன்றும் கோபுரத்தின் மேல் அந்தச் சேவலின் நகல் நிற்கிறது. ஏழ்மையிலும் சிரித்த முகம், எதிர்த்துப் பேசாத குணம், சொந்தப் பாட்டு, சொந்த உடை என்று அந்த ஆட்சி விரும்பிய குடிமகனுக்கு ஒரு மாதிரி தேவைப்பட்டது. பரிசு வாங்கிய ஊரின் பிள்ளைகளும் கால் நூற்றாண்டுக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வெள்ளிச் சேவல் முட்டையிடுமா? சமீபத்தில் ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரை இங்கே படம்பிடித்ததிலிருந்து புது வகைப் பயணிகள் வருகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மே மாதத் தொடக்கத்தில் வரும் சிலுவைத் திருவிழா. பெண்கள் ‘அதூஃபெ’ என்ற சதுரத் தோல்பறையைக் கைவிரலால் தட்டிப் பாடிக்கொண்டே கோட்டைக்கு ஏறுவார்கள். உச்சியிலிருந்து பூ நிரப்பிய வெள்ளைப் பானையைக் கீழே வீசுவார்கள். பழைய முற்றுகை ஒன்றில், உள்ளே உணவுக்குப் பஞ்சமில்லை என்று எதிரியை நம்பவைக்கக் கடைசிக் கன்றுக்குக் கோதுமையை ஊட்டிச் சுவருக்கு வெளியே எறிந்தார்கள் என்ற கதையின் நினைவு அது.

எல்லா ஊருக்கும் இப்படி ஒரு நாள் வாய்ப்பதில்லை. அரோக்கா பகுதியில் பைவா ஆற்றோரம் 2015இல் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் மரப் பலகை நடைபாதை போட்டார்கள். கூட்டம் குவிந்தது. 2021இல் 516 மீட்டர் நீளத் தொங்குபாலமும் வந்தது. பாலத்தில் நடந்தால் அடிவயிறு சில்லிடும், அது உண்மை. இதைப் பார்த்துப் பல ஊராட்சிகளும் பலகைப் பாதைகளைப் போட ஆரம்பித்துவிட்டன. வந்தவர்கள் நடந்து, படமெடுத்து, மாலைக்குள் கார் ஏறிவிடுகிறார்கள். ஊருக்குள் ஒரு காப்பிகூடக் குடிப்பதில்லை. அதே அரோக்காவில் கஸ்தன்யெய்ரா கிராமத்துப் பாறையிலிருந்து கறுப்பு அப்பளம்போலக் குட்டிக் கற்கள் தானாகக் கழன்று விழுகின்றன. ‘பிள்ளை பெறும் பாறை’ என்று பெயர். குழந்தை வேண்டுவோர் அந்தக் கல்லைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார்களாம். பாலத்துக்கு வருகிறவர்கள் அங்கேயும் எட்டிப் பார்க்கலாம்.

தெற்கே அலென்டேஜு சமவெளி. இங்கே முதலில் நாக்குதான் ஊரை அடையாளம் கண்டுகொள்ளும். ஐரோப்பியச் சமையலில் அரிதான கொத்தமல்லித்தழை இங்கே கைகொள்ளாமல் விழுகிறது. பழைய ரொட்டியின் மேல் பூண்டும் கொத்தமல்லியும் இடித்த விழுது, ஆலிவ் எண்ணெய், கொதிநீர், மேலே ஒரு முட்டை. ‘அசோர்தா’ என்கிறார்கள். கூலிக்காரர்களின் சாப்பாடு. தங்கும் வீட்டுக்கார அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனால், அந்த மூன்று சொற்களும் அவர்களுடைய மொழி நமக்குக் கொடுத்தவை என்பதை நினைத்துக்கொள்ளலாம். கொடுக்கல் வாங்கல் பழையது. ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட மறைக்கல்விச் சிறுநூல் ஒன்று 1554இலேயே லிஸ்பனில் வெளிவந்தது.

கோஆவில் அணை தோற்றது. அலென்டேஜுவில் அணை வென்றது. 2002 பிப்ரவரியில் அல்கேவா அணையின் மதகுகளை மூடினார்கள். சுமார் 250 சதுர கிலோமீட்டருக்குத் தண்ணீர் பரவி, மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய செயற்கை ஏரி உருவானது. லூஸ் என்ற கிராமம் அதற்குள் போயிற்று. மயிலாப்பூர் லஸ்ஸில் போர்ச்சுகீசியர் கட்டிய ஒளியின் அன்னை ஆலயம் எந்த மாதாவுக்கோ, அதே மாதாவின் பெயர்தான் இந்த ஊருக்கும். சில கிலோமீட்டர் தள்ளிப் புது லூஸ் கட்டினார்கள். பழைய பக்கத்து வீட்டார் புது ஊரிலும் பக்கத்து வீட்டார். கோயிலை அதே அளவில் நகலெடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தைத் தோண்டி இறந்தவர்களையும் குடிமாற்றினார்கள். சுண்ணாம்பு பூசிய வரிசை வீடுகள், நேரான தெரு, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் தெருமுனையில் நின்றால் யாரோ மனப்பாடமாக ஒப்பிக்கும் ஊர்போல இருக்கும். அங்குள்ள சிறிய அருங்காட்சியகம் பழைய ஊரைப் பேசுகிறது. பயணிகள் பெரும்பாலும் ஏரியின் எதிர்ப்பக்கம் உள்ள மொன்சராஸ் கோட்டையில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இருட்டக் காத்திருப்பார்கள். வானம் இருண்ட பகுதி என்று 2011இல் சான்று பெற்ற இடம் இது. நட்சத்திரம் பார்க்கவே வருகிறார்கள்.

எவராவுக்கு வெளியே அல்மென்ட்ரஸில் நூறுக்குச் சற்றே குறைவான நடுகற்கள் மண்பாதை முடியும் இடத்தில் நிற்கின்றன. ஸ்டோன்ஹெஞ்சைவிடப் பழையவை, வேலி இல்லை, டிக்கெட் இல்லை. காலையில் போனால் கல்லும் நீங்களும் மட்டும். 2027இல் எவரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகிறது, அதற்குப் பிறகு எப்படியோ. ஸ்பெயின் எல்லையோரம் மெர்ட்டுலாவின் கோயிலுக்குள் பலிபீடத்துக்குப் பின்னால் மெக்கா திசை காட்டும் மாடம் அப்படியே இருக்கிறது, பள்ளிவாசலாக இருந்த கட்டடம். கிளாவுதியு தோரஸ் என்ற அறிஞர் 1978இலிருந்து அகழ்ந்து அகழ்ந்து ஊரையே அருங்காட்சியகமாக்கினார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மே மாதத்தில் இஸ்லாமியத் திருவிழா, தெருக்கள் சந்தையாக மாறும். செர்ப்பா, கூபா போன்ற ஊர்களில் ‘காந்தெ’ பாட்டு: வாத்தியம் ஏதுமில்லை. ஒருவர் தாழ்ந்த குரலில் எடுப்பார், இன்னொருவர் மேலே தூக்கிப் பிடிப்பார், பிறகு கூட்டமாகச் சேர்ந்துகொள்வார்கள். தோளோடு தோள் சேர்த்து மெல்ல அசைந்து பாடும் வயல்கூலிகளின், சுரங்கக்காரர்களின் பாட்டு. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேடையில் கேட்பதைவிட மாலைப் பயிற்சியின்போது கேட்பது மேல். ஊர்க் குழு எந்தக் கிழமை கூடும் என்று காப்பிக் கடையில் விசாரித்தால் சொல்வார்கள்.

போக்குவரத்துதான் சிக்கல். நகரங்களுக்கிடையே பேருந்து உண்டு. கிராமத்துக்குள் போகும் வண்டி பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓடுவது, விடுமுறையில் நின்றுவிடும். பிள்ளை குறைந்து பள்ளியை மூடினால் பேருந்தும் போச்சு. வாடகைக் கார் எடுக்க முடியாதவர்கள் ஒரே ஊரில் நாலு நாள் தங்குவது நல்லது. கோடை தெற்கில் கொடூரம். 2003 ஆகஸ்டில் அல்கேவாவுக்குப் பக்கத்து அமரெலெஜாவில் 47 டிகிரியைத் தாண்டியது. ஆனால் வடக்கும் நடுவும் உயிரோடு இருப்பது அந்த ஆகஸ்டில்தான். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எண் பலகை மாட்டிய கார்கள் ஊருக்குள் வரும். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கு எரியும். பேரப்பிள்ளைகள் பாட்டியிடம் பிரெஞ்சும் போர்ச்சுகீசியமும் கலந்து பேசும். கோயில் திருவிழா, பித்தளை வாத்தியம், இரவு நடனம் எல்லாம் அந்த ஒரு மாதத்துக்குள். தங்க அறை கிடைக்காது. அக்டோபரில் போனால் அறை கிடைக்கும், ஊர் இருக்காது. நான் ஆகஸ்ட் பக்கம்தான் சாய்வேன்.

அலென்டேஜுச் சாலையில் போகும்போது தக்கை மரங்களின் அடிமரத்தைக் கவனியுங்கள். பட்டை உரித்த இடம் செங்காவி நிறத்தில் இருக்கும், அதன்மேல் வெள்ளைச் சாயத்தில் ஒற்றை எண். உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி இந்நாட்டிலிருந்து வருகிறது. ஒருமுறை உரித்த மரத்தை ஒன்பது ஆண்டுக்குத் தொடக்கூடாது. 3 என்றால் 2023இல் உரித்தது, அடுத்த முறை 2032. கோடாரியைப் பட்டைக்குள் எவ்வளவு இறக்கலாம் என்று அறிந்த ஆட்கள் இரண்டிரண்டு பேராக வந்து உரிப்பார்கள். விவசாயக் கூலியில் அதிகச் சம்பளம் அந்த வேலைக்குத்தான்.